புயல் சாரின் மூன்று நிமிடங்கள்

இந்தியாவிலேயே கடலுக்கு அதிகம் பயந்த மனிதர், கடலே இல்லாத ஆம்பூரில்தான் இருந்தார். அங்கிருந்து கடலுக்கு நூறு மைலுக்கு மேல். ஊர் ஓரம் ஓடுவதாகச் சொல்லப்படும் பாலாற்றில் வருடத்துக்குப் பத்து மாதம் மாடு மேயும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, வங்கக் கடலில் போகிற கப்பல்களுக்கு இன்றைக்கு என்ன ஆகுமோ என்று காலையில் எழுந்து கவலைப்படுவதை அவர் ஓர் உத்தியோகமாகவே செய்துவந்தார். சம்பளம் தந்த உத்தியோகம் வேறு. நான் குமாஸ்தாவாக இருந்த தோல் ஷாப்பில் அவர் டைப்பிஸ்ட். தோல் பதனிடும் தொழிற்சாலையை அங்கே ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். ஐம்பதுகளின் தொடக்கம். நான் பத்திரிகைக்கு வருவதற்கு முந்தைய கதை இது.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதலாளிக்கு ‘புயல்’, மற்றவர்களுக்கு ‘புயல் சார்’. பெயரைக் கேட்டு ஆளைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். உடம்பு ஒல்லி. குரல் அதைவிட ஒல்லி. யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொள்வார்.

யுத்த காலத்தில் சரக்குக் கப்பல்களில் ஒயர்லெஸ் ஆப்பரேட்டராக இருந்தவர். இரண்டு கப்பல்களில் போனார். ஒன்றுதான் திரும்பி வந்தது. “அப்ப நீங்க எப்படி சார் திரும்பி வந்தீங்க?” என்று கேட்டால், “வேற கப்பல்ல” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. யுத்தம் முடிந்ததும், கடல் காற்று வீசாத ஊராகத் தேடி ஆம்பூருக்கு வந்தார். வரும்போது கடலையும் ஒரு பெட்டியில் கூடவே கொண்டுவந்துவிட்டார். அது சென்னையில் பழைய ராணுவச் சாமான் விற்ற ஒருவரிடம் வாங்கிய ரிசீவர். அதில் பாட்டு வராது, செய்தி வராது. கடற்கரை ஒயர்லெஸ் நிலையங்கள் கப்பல்களுக்குத் தந்தி பாஷையில் அனுப்பும் வானிலைக் குறிப்பும் எச்சரிக்கையும், கப்பல்கள் பதிலுக்கு அனுப்புவதும் மட்டும் கீச்சுக் கீச்சென்று வரும்.

அதற்கு ஏரியல் கம்பி, ஷாப்புக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டு ஓட்டிலிருந்து எங்கள் தண்ணீர்த் தொட்டிவரை போயிற்று. அவ்வளவு நீளமான செப்புக் கம்பி சும்மா தொங்குவதை அந்தத் தெருப் பெண்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஈரத்துணியைக் கொண்டுவந்து போட்டார்கள். புயல் சார் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, கைகூப்பி, “அம்மா, உங்க பொடவை வங்காள விரிகுடா மேல கெடக்குது. கொஞ்சம் எடுத்துடுங்க” என்று கேட்டுக்கொள்வார். “விரிகுடாவாம். காஞ்ச அப்பால எடுக்கறேன் சார்” என்று பதில் வரும்.

செய்தி முழுக்க எண்களாக வரும், ஐந்தைந்தாக. அந்த எண்களை வைத்து அவர் ஏற்றுமதித் தோலைப் பேல் பேலாகக் கட்டுகிற பழுப்புக் காகிதத்தின் பின்பக்கம் கடலின் படம் வரைவார். காற்று எங்கே எவ்வளவு, அழுத்தம் எங்கே கம்மி என்று ஒன்றுக்குள் ஒன்றாக வளைகோடுகள். கீழே தமிழில் எச்சரிக்கை. காலை எட்டு மணிக்கு அதை ஷாப்பு கேட்டில் ஒட்டிவிடுவார். எங்கள் தோல் தரம் பிரிக்கிற மேஸ்திரி முதல் நாள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: “கழுத்துல சுருக்கம் ஜாஸ்தி. மூணாந்தரம்.”

“கப்பல்கள் கரைக்குத் திரும்பவும்” என்று ஒருநாள் எழுதியிருந்தது.

“சார், இந்த ஊர்ல எந்தக் கப்பல் சார் திரும்பணும்?” என்று வண்டிக்காரன் ஒருவன் கேட்டான்.

“எல்லாருக்கும்னு அனுப்பியிருக்கான்பா. எல்லாருக்கும்னா நீயும்தான்.”

“நான் திரும்பினா மாதனூருக்குப் போற தோலை எவன் எடுத்துக்கினு போவான்?”

புயல் சார் சிரிக்கவில்லை. எச்சரிக்கை காதில் விழுந்தால் அடுத்தவனுக்குச் சொல்லியாக வேண்டும். கேட்பவனிடம் கப்பல் இருக்கிறதா இல்லையா என்பது அவனுடைய சௌகரியம். அதுதான் அவர் கட்சி.

இதெல்லாம் சின்ன விஷயம். ஊரைப் பேஜாராக்கியது அவருடைய மூன்று நிமிடங்கள்தான்.

கப்பல் ஒயர்லெஸ்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. மணிக்கு இரண்டு முறை, கால் மணியில் மூன்று நிமிடமும் முக்கால் மணியில் மூன்று நிமிடமும், எல்லோரும் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஆபத்தில் இருப்பவன் மட்டும் அப்போது பேசலாம். புயல் சார் தன் கைக்கடிகாரத்தில் அந்த இரண்டு இடத்திலும் சிவப்பு மை தீட்டியிருந்தார். முள் சிவப்பில் நுழைந்தால் பேச்சு நிற்கும். ரிசீவர் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாக்கியம் முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும் நிற்கும்.

சலூனில் ஒருநாள், “மீசைய எடுத்துடட்டுமா சார்?” என்று கேட்டபோது மணி பத்தேகால். சலூன்காரர் சிறிது நேரம் பார்த்தார், எடுத்துவிட்டார். பத்து பதினெட்டுக்குப் புயல் சார், “வேணாம்பா” என்றார்.

முதலாளி ஒருநாள் அவசரமாக வந்தார். “புயல், அந்த லண்டன் பேல் எல்லாம் கப்பல்ல ஏறிச்சா?”

“ஏத்தும்போது...” என்று ஆரம்பித்த புயல் சார் அப்படியே நின்றுவிட்டார். மணி பதினொன்றே முக்கால்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், தொப்பியைக் கழற்றினார். என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு வாக்கியம் முடிந்தது. “...மழை இல்ல. நல்லபடியா ஏறிச்சு மொதலாளி.”

“யோவ், மூணு நிமிஷத்துல என் கப்பலை மூணு தடவ முழுகடிச்சிட்டியேய்யா.”

வேறு யாராக இருந்தாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பிழையில்லாமல் ஆங்கிலக் கடிதம் அடிக்க வேலூர் வரை தேடினாலும் ஆள் கிடைக்காது என்பதால் விட்டுவிட்டார்.

எதற்காகத் தரையில் இந்தக் கூத்து என்று நான் ஒருமுறை நேராகவே கேட்டேன். மணி பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். அவர் சொன்னார்: “தூரத்துல ஒருத்தன் முழுகிக்கினு இருப்பான். அவன் பேட்டரி தீந்துகினு இருக்கும், சத்தம் ரொம்ப கம்மியா வரும். மத்தவன் எல்லாம் வாய மூடினாத்தான் அது காதுல விழும். நான் ஒருத்தன் பேசிட்டேன்னு வெச்சிக்கோ, அவன் போய்ட்டான்.”

எங்கள் ஷாப்பில், தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையை இடிக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. நாற்பது பெண்கள் உலக்கை போடுவார்கள். அவர்களில் குப்பம்மா வாய்க்காரி. புயல் சாரின் படத்தை அதிகம் கேலி செய்தவள் அவள்தான். அவள் புருஷன் கன்னியப்பன் பினாங்கில் கடை வேலைக்குப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அந்த ஐப்பசியில், இன்ன கப்பலில் ஏறி ஊருக்கு வருகிறேன் என்று கடிதம் போட்டான். அன்றோடு கேலி நின்றது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் குப்பம்மா கேட்டில் காத்திருந்தாள்.

“சார், எங்க வூட்டுக்காரர் வர்ற கப்பலை இதுல போட முடியுமா?”

கப்பல் கிளம்பிய நாளையும் அதன் வேகத்தையும் கணக்கிட்டுப் புயல் சார் ஒரு சிறிய பெருக்கல் குறி போட்டார். தினமும் அது அரை அங்குலம் மேற்கே நகர்ந்தது. குப்பம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள். நான்காம் நாள் படத்தின் நடுவில் வளைகோடுகள் நெருக்கமாக விழ ஆரம்பித்தன. ஐந்தாம் நாள் அது ஒரு வட்டம் ஆயிற்று. வட்டத்துக்கும் பெருக்கல் குறிக்கும் நடுவே ஒரு விரற்கடைதான்.

“இது இன்னா சார்?”

“புயல்மா.”

“கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?”

“நான் போடலம்மா. அது இருக்கற எடத்துல காட்றேன்.”

“பென்சில் உங்க கையிலதானே இருக்குது.”

புயல் சார் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

ஆறாம் நாள் கப்பல் மதராஸ் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏழாம் நாள் காலைப் படத்தின் கீழே இப்படி எழுதியிருந்தது: ‘எல்லாக் கப்பல்களுக்கும். கீழ்க்கண்ட கப்பலிடமிருந்து இரண்டு நாளாகச் செய்தி இல்லை. பார்த்தவர்களோ கேட்டவர்களோ தெரிவிக்கவும்.’ அதன் பிறகு கப்பலின் பெயர்.

“இத ஒட்டித்தான் ஆகணுமா சார்?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும்னு வந்திருக்குது” என்றார். ஆனால் ஒட்டும்போது பசையைக் கையெல்லாம் ஈஷிக்கொண்டார்.

குப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னாள். நான் பொய் சொன்னேன். “மழை வரும்னு போட்டிருக்குது.”

அவள் கப்பலின் பெயர் மேல் விரலை வைத்தாள். “இந்த எழுத்து அவரு கடுதாசில இருக்குது. நாலு பேரைப் படிக்க வெச்சி நாப்பது தடவ பாத்திருக்கறேன். மழைன்னு சொல்றீங்களே.”

அன்று புயல் சார் வேலைக்கு வரவில்லை. ரிசீவர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். முதலாளி ஆள் அனுப்பவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் புயல் சாரே கொட்டகை வாசலுக்கு வந்து தயங்கி நின்றார். “அம்மா, உலக்கைச் சத்தத்துல ஒண்ணும் புரியல. காலுக்கும் முக்காலுக்கும் மூணு நிமிஷம் மட்டும்...”

குப்பம்மா திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த முக்கால் மணிக்கு நாற்பது உலக்கையும் நின்றன. சுண்ணாம்புக் குழியில் இருந்தவர்கள், ஏதோ விபத்து என்று ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். முதலாளி ஆபீசிலிருந்து, “ஏன்யா வேலை நிக்குது?” என்று கத்திக்கொண்டே வந்தவர், பாதியில் காரணம் தெரிந்து, மீதியை விழுங்கிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று எனக்கு இன்றும் புரியவில்லை. சத்தம் வரக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

மூன்று நிமிடம் கழித்துப் புயல் சார் ஜன்னலில் தலையை நீட்டி, “ஒண்ணுமில்ல” என்பார். அபாயக் குரல் எதுவும் கேட்கவில்லை என்று அர்த்தம். எல்லோரும் மூச்சு விடுவார்கள். உலக்கைகள் மறுபடி விழும். அன்று மாலைவரை இப்படியே நடந்தது. நாங்கள் கேட்க விரும்பிய ஒரே வார்த்தை ‘ஒண்ணுமில்ல’ என்று ஆயிற்று.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கும் உலக்கைகள் நின்றன, முதலாளியின் செருப்பும் கைக்கு ஏறியது. ஒன்பது நாற்பத்தெட்டுக்கு ஜன்னலில் தலை வரவில்லை. ஐம்பது. ஐம்பத்தைந்து. பத்து மணிக்கு மேல் புயல் சார் வாசலுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. வாயைத் திறந்தார், மூடினார், படியில் உட்கார்ந்தார்.

நான் ஓடிப்போய், “ஒண்ணுமில்லையா சார்?” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒண்ணுமில்லை என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி ஆட்டினார்.

“அப்ப என்ன கேட்டீங்க?”

“சொல்லக் கூடாது.” என் காதருகே மெல்லச் சொன்னார். “வானிலையும் எச்சரிக்கையும் எல்லாருக்கும். மத்த சேதியெல்லாம் யாருக்கு அனுப்புறாங்களோ அவங்களுக்கு மட்டும். கேட்டாலும் வெளிய சொல்ல மாட்டேன்னு சர்டிபிகேட் வாங்கும்போது சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கறேன். சேதி வந்துதுன்னு சொன்னாலே தப்பு.”

“ஆள் உயிரோட இருக்கானா, அதை மட்டும் சொல்லுங்க சார்.”

“அதுவும் சேதிதான்பா.”

முதலாளி முன்னால் வந்தார். “யோவ், நான் மொதலாளி கேக்கறேன். சொல்லு.”

“நீங்க தோலுக்கு மொதலாளி” என்றார் புயல் சார். அவர் அப்படிப் பேசி அதற்கு முன்பும் பின்பும் யாரும் கேட்டதில்லை. முதலாளி கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டார்.

கொட்டகைப் பெண்கள் இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் பேச்சு கேட்கவில்லை. ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்கிற மனிதர் இன்றைக்குச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. சொல்ல மனசு வராமல் உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு செய்தார்கள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். அது போதும், நாற்பது பேரும் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். குப்பம்மா அழவில்லை. உலக்கையைப் பிடித்தபடி புயல் சாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயதான ஒருத்தி அவள் கையைப் பிடித்துக் கல்லிடம் இழுத்துக்கொண்டு போய், வளையலை உடைக்க வாகாக மணிக்கட்டுக்குத் தள்ளினாள்.

புயல் சார் எழுந்தார். அவ்வளவு சன்னமான உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

“நிறுத்துங்க. அந்தக் கப்பல் பேசுது. ஏரியல் முறிஞ்சி போய், இப்பத்தான் கட்டியிருக்கான். மதராஸ்ல நாப்பது மூட்டை உருளைக்கெழங்கு எடுத்து வெக்கச் சொல்றான். வெங்காயமும் கேக்கறான். முழுகற கப்பல் எதுக்கும்மா வெங்காயம் கேக்குது?”

கிழவி குப்பம்மாவின் கையை விட்டாள். குப்பம்மா அப்படியே பட்டைக் குவியல் மேல் உட்கார்ந்து, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். மணி பத்து பதினாறு. அதை நானும் அவரும் மட்டும் கவனித்தோம். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கன்னியப்பன் மூன்று நாள் கழித்து ரயிலில் வந்து இறங்கினான். புயலைப் பற்றிக் கேட்டதற்கு, “ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்தி. சோறுதான் சரியில்ல” என்றான். புயல் சாருக்கு நன்றி சொல்லப் போனான். அவனைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய குற்றத்துக்கு உயிருள்ள சாட்சியாயிற்றே.

கேட்டில் படம் வருவது நின்றுவிட்டது. புயல் சார் தன் ரிசீவரையும், அதற்குத் தபால் ஆபீஸ் கொடுத்திருந்த லைசென்சையும் ஒரு கைவண்டியில் ஏற்றிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனார். கூடவே நான்கு பக்கத்தில் ஒப்புதல் கடிதம்: குற்றம் ஒன்று, அயலார் செய்தியை வெளியிட்டது; குற்றம் இரண்டு, மௌன நேரத்தில் சத்தமிட்டது. போஸ்ட்மாஸ்டர் முழுக்கப் படித்தார். “சார், லைசென்ஸ் புதுப்பிக்கறதுக்கு விதி இருக்குது. திருப்பிக் குடுக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சி ஒண்ணுமில்ல. எடுத்துக்கினு போங்க” என்று அனுப்பிவிட்டார். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். ஏட்டு இரண்டு பக்கம் படித்ததும் நிமிர்ந்து, “உருளைக்கெழங்க திருடினது யாரு?” என்று கேட்டார். ஆம்பூரில் அவரைத் தண்டிக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

தண்டனை கிடைக்காததால் அவர் இளைத்தார். இனி இளைக்க அந்த உடம்பில் என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் கவலை. சாப்பாடு பாதியில் நின்றது. அடித்த கடிதங்களில் பிழை வந்தது. ஊருக்கும் நிலைகொள்ளவில்லை. வெறும் கேட்டைப் பார்த்துவிட்டு, “இன்னிக்குக் கடல் இன்னா கதியோ” என்று வண்டிக்காரன் கேட்டான். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மதராஸ்ல நம்ம பேல் ஏறுது. கடல் எப்படி இருக்குதுன்னு ஒண்ணும் தெரியல. எதனா செய்யுப்பா” என்றார்.

செய்தவள் குப்பம்மா. ஒருநாள் காலை நேராக ஆபீசுக்குள் வந்து டைப்ரைட்டர் முன்னால் நின்றாள்.

“சார், நீங்க தப்பு செஞ்சீங்களா இல்லியா?”

“செஞ்சேன்மா.”

“எங்க கொட்டாயில சேதிய வெளிய சொல்றவளுக்கு இன்னா தெரியுமா? ஒரு கூடைப் பட்டை ஜாஸ்தியா இடிக்கணும். இடிச்சி முடிச்சிட்டா அப்பால அந்தத் தப்பப் பத்தி எவளும் வாயத் தொறக்கக் கூடாது. அவளும் தொறக்கக் கூடாது.”

புயல் சார் யோசித்தார். “நான் ரெண்டு தப்பு பண்ணியிருக்கறேன்.”

“அப்ப ரெண்டு கூடை. எந்திரிங்க.”

அவர் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்தார். கொட்டகையின் நடுவில் நின்று உலக்கையைத் தூக்கினார். முதல் குத்து உரலுக்கு வெளியே விழுந்தது.

“சார், உலக்கைய புடிச்சிருக்கீங்களா, பேனாவ புடிச்சிருக்கீங்களா?”

“பட்டைக்கு வலிக்கப் போவுது, பாத்து மெதுவா.”

“கால் மணி ஆயிடிச்சின்னு நின்னுடாதீங்க. எங்க கொட்டாயில அந்தச் சட்டம் இல்ல.”

மத்தியானம் தாண்டியும் இடித்தார். கை கொப்புளித்து உடைந்தது. ஒருத்தி தன் தலைத்துணியைக் கிழித்துக் கையில் சுற்றிவிட்டாள். கன்னியப்பன் உதவிக்கு வந்தபோது குப்பம்மா அவனைப் பிடித்து வெளியே தள்ளினாள். “அவரு தண்டனைய அவரு முடிக்கட்டும். நீ போ.” இரண்டாவது கூடை தீர்ந்ததும் அவள் பட்டைத்தூளை அள்ளிப் பார்த்து, “சரி” என்றாள். புயல் சார் அந்தப் பெண்கள் நடுவிலேயே உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கூழை இரண்டு சொம்பு குடித்தார். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் எதையாவது முழுசாகக் குடித்து முடித்து நான் பார்த்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேட்டில் படம் இருந்தது. கோடுகள் நடுங்கியிருந்தன. வங்கக் கடலில் அலை குறைவு, கப்பல்கள் தாராளமாகப் போகலாம் என்று கீழே எழுதியிருந்தது. தரம் பிரிக்கிற மேஸ்திரி நின்று பார்த்தார். “முதல் தரம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் பிறகு சென்னைக்கு வந்து, பத்திரிகை மேஜையில் பல வருடங்கள் செய்திகளை வெட்டுகிற வேலை பார்த்தேன். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் போதாமல் போனால் முதலில் எடுத்துப் போடுவது துறைமுக வானிலைக் குறிப்பைத்தான். அதை யாரும் படிப்பதில்லை என்பார்கள். என் முறை இருந்த நாட்களில் அது ஒருநாளும் விட்டுப்போனதில்லை.